முதலில் இறங்குவது யார்? ஜோர்ஜியாவின் இரண்டு ஓட்டக்காரர்களும் முழங்கால் கணக்கும்

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்றொரு பல்கலைக்கழக நகரம் இருக்கிறது. ஜோர்ஜியா பல்கலைக்கழக அணி ஆடும் அங்குள்ள சான்ஃபோர்ட் மைதானத்தில் 92 ஆயிரத்துக்கும் அதிகமானோர் அமரலாம். பார்வையாளர்கள் பணம் கொடுத்து உள்ளே போகிறார்கள். தொலைக்காட்சிகள் அதைவிடப் பெரிய பணம் கொடுக்கின்றன. ஆடுபவர்களோ 18 முதல் 22 வயதுக்குட்பட்ட மாணவர்கள்.

2014 தொடக்கம் 2017 வரை அந்த மைதானத்தைச் சுற்றி ஒரு வாக்குவாதம் ஓயாமல் நடந்தது. ஆட்டத்தை ஆரம்பிக்கத் தகுதியானவர் நிக் சப் என்ற மாணவரா, சோனி மிஷெல் என்ற மாணவரா? இருவரும் ஒரே ஆண்டில் சேர்ந்தவர்கள், இருவருக்கும் ஒரே இடம்தான். இந்தக் கதையை நான் பிற்பாடு, பழைய ஆட்டங்களின் காணொளிகளைத் தேடிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பார்க்கத் தொடங்கியபோது நானும் ஒரு பக்கம் சாய்ந்தேன். முடித்தபோது, கேள்வியே பாதிதான் கேட்கப்பட்டிருக்கிறது என்று தோன்றியது.

அந்த இடம் எப்படிப்பட்டது?

அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையில்தான் கொண்டுபோகிறார்கள். 'கல்லூரி' என்பதும் அங்கே பாடசாலை அல்ல, பல்கலைக்கழகம். ஒவ்வொரு பக்கத்திலும் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அதற்குள் 10 யார்ட், அதாவது ஏறக்குறைய 9 மீற்றர் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

முன்னேற இரண்டு வழிகள். குவார்ட்டர்பேக் எனப்படும் தலைமை ஆட்டக்காரர் பந்தை எறியலாம், அல்லது தன் பின்னால் நிற்பவரின் கையில் கொடுக்கலாம். அப்படிப் பந்தை வாங்கிக்கொண்டு எதிரணியின் கூட்டத்துக்குள் ஓடுபவர்தான் ரன்னிங் பேக். அவருக்கு முன்னால் 130, 140 கிலோ எடையுள்ள தடுப்பாளர்கள் வழி திறக்க முயல்வார்கள். அந்த வழி ஒரு விநாடிகூடத் திறந்திருக்காது. பிறகு யாராவது அவரை இடித்து வீழ்த்துவார். எழுந்து வந்து அடுத்த முறையும் அதையே செய்ய வேண்டும்.

இங்கே வீரர்களை எத்தனை தடவையும் மாற்றலாம். ஆகவே, முதலில் இறங்குபவர் கடைசிவரை ஆடுவார் என்றில்லை. ஆனால், பயிற்றுவிப்பாளர் யாரை முதலில் நம்புகிறார், அன்றைய வேலையின் பெரும்பங்கு யாருக்கு என்பதை அந்தப் பெயர் சொல்லிவிடும். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். கழகங்களின் ஆட்களும் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான். அதனால் ரசிகர்களுக்கு வாக்குவாதமாக இருப்பது அந்த மாணவருக்குப் பிழைப்பு.

இடம் எப்படிக் கிடைத்தது?

2014இல் அந்த இடம் சப்புக்கும் சொந்தமில்லை, மிஷெலுக்கும் சொந்தமில்லை. அங்கே டொட் கேர்லி என்ற மூன்றாமாண்டு மாணவர் இருந்தார். அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதுக்கு முன்னணியில் பேசப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

ஒக்டோபரில் கேர்லி இடைநிறுத்தப்பட்டார். பொருட்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துப் பணம் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. இரண்டு ஆண்டுகளில் 3,000 டொலருக்கும் அதிகமாக வாங்கியதாகக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. சொன்னது. நான்கு ஆட்டங்கள் தடை. 92 ஆயிரம் பேர் காசு கொடுத்துப் பார்க்க வரும் ஒருவர், தன் பெயரைத் தானே எழுதிக் காசு வாங்கக் கூடாது என்பதே அன்றைய விதி.

அதே நேரம் மிஷெலும் இன்னொரு ஓட்டக்காரரும் காயத்தில் இருந்தார்கள். மிஞ்சியவர் முதலாமாண்டு மாணவரான நிக் சப். ஒக்டோபர் 11ஆம் திகதி மிசூரிக்கு எதிராக அவர் 38 தடவைகள் பந்தை வாங்கி 143 யார்ட் ஓடினார். அடுத்த ஆட்டத்தில் ஆர்கன்சாவுக்கு எதிராக 202 யார்ட். அதன்பிறகு 'இவருக்குத் தகுதி உண்டா' என்று எவரும் கேட்கவில்லை.

ஆனால், இந்த வரிசையைத் திரும்பிப் பாருங்கள். மூன்று பேர் விலக நேர்ந்த பிறகுதான் சப்பின் தகுதி எல்லோருக்கும் தெரிந்தது. அந்த மூவரும் ஆடியிருந்தால் அவர் அதே ஆளாகத்தான் இருந்திருப்பார், ஆனால் காட்டுவதற்குக் கணக்கு எதுவும் இருந்திருக்காது. ஒருவர் இடத்துக்குத் தகுதியானவரா என்பதற்கான சாட்சி, அந்த இடத்தில் நின்றால்தான் கிடைக்கிறது. 'முதலில் நிரூபிக்கட்டும், பிறகு கொடுக்கலாம்' என்று சொல்லும் ரசிகர் இதைத்தான் மறந்துவிடுகிறார்.

கேர்லி நவம்பர் 15ஆம் திகதி திரும்பி வந்தார். தடை முடிந்து ஆடிய முதல் ஆட்டம் அது. அதன் இறுதிப் பகுதியில் அவருடைய முழங்கால் நார் அறுந்தது. ஜோர்ஜியாவுக்காக அவர் மீண்டும் ஆடவில்லை. சப் அந்தப் பருவகாலத்தை 1,547 யார்டுடன் முடித்தார்.

ஒரு முழங்கால், ஒரு வருடம்

2015ஆம் ஆண்டு சப்பின் ஆண்டாக இருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். தொடர்ந்து 13 ஆட்டங்களில் 100 யார்டைத் தாண்டி, ஜோர்ஜியாவின் பெருமையாகக் கருதப்படும் ஹேர்ஷல் வோக்கரின் சாதனையைச் சமன் செய்திருந்தார். ஒக்டோபர் 10ஆம் திகதி டென்னஸிக்கு எதிரான ஆட்டத்தில், தன் அணி பந்தைத் தொட்ட முதல் முயற்சியிலேயே அவருடைய இடது முழங்கால் மடங்கியது. பல நார்கள் அறுந்திருந்தன. பருவகாலம் அன்றோடு முடிந்தது.

இப்போது இடம் மிஷெலுக்கு வந்தது. ஹெய்ட்டியிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்கு ஃபுளோரிடாவில் வளர்ந்த பிள்ளை அவர். அந்த ஆண்டு அவரும் 1,000 யார்டைக் கடந்தார். வாக்குவாதம் தொடங்க இது போதாதா? சப் திரும்பி வந்தால் அவருடைய இடத்தை அவருக்கே கொடுப்பதா? காயத்தால் இழந்த இடம் இழந்ததுதானா? அவர் இல்லாதபோது சுமந்தவருக்கு என்ன பதில்?

2016இன் முதல் ஆட்டத்தில் விதி மீண்டும் குறுக்கிட்டது. கோடை விடுமுறையில் நடந்த ஒரு விபத்தில் மிஷெலின் கை முறிந்திருந்தது. முழங்கால் உடைந்து 11 மாதமேயான சப், வட கரோலினாவுக்கு எதிராக 32 தடவைகள் பந்தைச் சுமந்து 222 யார்ட் ஓடினார். இடம் மீண்டும் அவருடையது.

எண்கள் சொல்வதும் மறைப்பதும்

நான் மிஷெலின் பக்கம் சாய்ந்தது 2017இன் எண்களைப் பார்த்துத்தான். அந்தப் பருவகாலத்தில் சப் 223 ஓட்டங்களில் 1,345 யார்ட் எடுத்தார். மிஷெல் 156 ஓட்டங்களில் 1,227 யார்ட். வகுத்துப் பார்த்தால் சப்புக்கு ஓர் ஓட்டத்துக்கு 6 யார்ட், மிஷெலுக்கு ஏறத்தாழ 7.9 யார்ட். அப்படியானால் மிஷெல்தானே முதலில் இறங்க வேண்டும்?

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதிலுள்ள ஓட்டை உடனே தெரியும். புதுப் பந்தை எதிர்கொள்ளும் ஆரம்பத் துடுப்பாட்ட வீரரின் வேகத்தையும், பந்துவீச்சாளர்கள் களைத்த பிறகு வருபவரின் வேகத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சப்புக்குப் பந்து கொடுக்கப்படும் என்பது எதிரணிக்கும் தெரிந்த பல தருணங்களில், இரண்டு யார்ட் போதும் என்ற நெருக்கடிகளில், அவரிடம்தான் பந்து போனது. அங்கே இரண்டு யார்ட் எடுத்தால் வேலை முடிந்தது, ஆனால் சராசரி குறையும். அவர் இடித்து இடித்துக் களைக்க வைத்த கூட்டத்துக்குள் மிஷெல் புதுக் கால்களோடு ஓடினார்.

இதனால் மிஷெலின் எண் பொய்யாகிவிடாது. அவ்வளவு வேகமாகத் திசை மாற்றி ஓட எல்லோராலும் முடியாது. ஆனால், அந்த 7.9க்குள் சப்பின் உழைப்பும் கலந்திருக்கிறது. சப்பின் 6க்குள் மிஷெல் அவருக்குக் கொடுத்த ஓய்வும் கலந்திருக்கிறது. ஒருவரின் எண்ணை எடுத்து மற்றவரை அடிக்கும் வாதம் அங்கேயே உடைந்துவிடுகிறது.

இருவரும் தங்கினார்கள்

2016இன் முடிவில் இருவரும் என்.எஃப்.எல்.லுக்குப் போயிருக்கலாம். பாடசாலை முடித்து மூன்று ஆண்டுகள் ஆனால் போதும் என்பதே விதி. போயிருந்தால் இருவருமே தனித்தனியே ஏதோ ஓர் அணியில் இடம் தேடியிருப்பார்கள். இருவரும் இன்னும் ஓர் ஆண்டு ஏதென்ஸிலேயே இருப்பது என்று முடிவெடுத்தார்கள். மற்றவரும் இருப்பார் என்று தெரிந்தே, அதாவது இடம் பங்குதான் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது.

2018 ஜனவரி முதலாம் திகதி, கலிபோர்னியாவில் நடந்த ரோஸ் போல் அரையிறுதியில் ஒக்லஹோமாவைச் சந்தித்தார்கள். இடைவேளையின்போது ஜோர்ஜியா 17–31 எனப் பின்தங்கியிருந்தது. கடைசிக் கால்பகுதியில் 38–38 என்றிருந்தபோது மிஷெலின் கையிலிருந்து பந்து நழுவியது. எதிரணி அதை எடுத்து ஓடிப் புள்ளியாக்கியது. ஒரு வருடம் தங்கியிருந்ததன் பலன் முழுவதும் அந்த ஒரு நழுவலில் போய்விட்டது போலிருந்தது.

ஆட்டம் முடிய 55 விநாடிகள் இருக்கையில் சப் இரண்டு யார்ட் தூரத்திலிருந்து பாய்ந்து 45–45 எனச் சமன் செய்தார். மேலதிக நேரத்தின் இரண்டாவது சுற்றில் பந்து மீண்டும் மிஷெலிடம் கொடுக்கப்பட்டது. 27 யார்ட் ஓடி ஆட்டத்தை முடித்தார். 54–48. அன்று மிஷெல் 11 ஓட்டங்களில் 181 யார்ட், சப் 14 ஓட்டங்களில் 145 யார்ட். ஒரு வாரம் கழித்து இறுதியாட்டத்தில் அலபாமாவிடம் மேலதிக நேரத்தில் 23–26 என்று தோற்றார்கள்.

அந்த அரையிறுதியைப் பார்க்கும்போது எனக்குப் பட்டது இதுதான். பந்தை நழுவவிட்டவரிடமே, அதைவிடப் பெரிய தருணத்தில், அணி மீண்டும் பந்தைக் கொடுத்தது. ஒரே ஒரு இடத்துக்காக இருவரை மோதவிட்டிருந்தால், நழுவவிட்டவர் அன்றிரவு மேடையிலிருந்து இறக்கப்பட்டிருப்பார்.

கேட்கப்படாத பாதி

2018இல் என்.எஃப்.எல். தெரிவில் இரண்டாவதாக இறங்கிவந்த மிஷெல் 31ஆவது ஆளாக, முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார். முதலில் இறங்கிய சப் 35ஆவது ஆளாக இரண்டாம் சுற்றுக்குப் போனார். 2019 பெப்ரவரியில் நடந்த சுப்பர் போல் இறுதியாட்டத்தின் ஒரே டச்டவுனை அடித்தவர் மிஷெல். சப் கிளீவ்லாண்ட் அணியில் லீக்கின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்களில் ஒருவரானார்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2023இல் மிஷெல் 28 வயதில் ஓய்வை அறிவித்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் சப்பின் இடது முழங்கால் மீண்டும் உடைந்தது. 2015இல் உடைந்த அதே கால். களத்துக்குத் திரும்ப ஒரு வருடத்துக்கும் மேல் எடுத்தது. இவர்களுக்கு முன்பிருந்த கேர்லி 2017இல் லீக்கின் சிறந்த தாக்குதல் வீரராகத் தெரிவானவர். 2020க்குப் பிறகு அவர் ஆடவில்லை. அப்போது அவருக்கு வயது 26.

ஒரு காலத்தில் 'யாருக்கு அதிகம் பந்து கொடுக்க வேண்டும்' என்று ரசிகர்கள் சண்டைபிடித்த மூவரின் இன்றைய நிலை இது. முதலிடம் ஒரு பரிசு என்று நினைத்துத்தான் நாம் வாதாடுகிறோம். ரன்னிங் பேக் ஒருவருக்கு அது பரிசு மட்டுமல்ல, செலவும்கூட. 38 தடவைகள் பந்து கொடுத்தால் 38 தடவைகள் இடி வாங்க வேண்டும். அந்தச் செலவு பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஏறாது, அவருடைய உடம்பில்தான் ஏறும்.

விதிகள் இப்போது மாறியிருக்கின்றன. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் கையெழுத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கவும் வழி பிறந்திருக்கிறது. கேர்லியைத் தடை செய்த காரியம் இன்று சாதாரண வியாபாரம். அன்று பல்கலைக்கழகம் மாறினால் பெரும்பாலும் ஒரு வருடம் ஆடாமல் இருக்க வேண்டும். இன்று இரண்டாமிடத்தில் இருப்பவர் அடுத்த வருடமே வேறிடத்தில் முதலிடம் தேடிப் போகலாம். மாணவர்களுக்கு இது நியாயமான மாற்றம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால், சப்பும் மிஷெலும் போல நான்கு ஆண்டுகள் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் கதைகள் இனி அரிதாகலாம்.

சப்பா, மிஷெலா என்று இன்று என்னைக் கேட்டால், ஆட்டத்தை ஆரம்பிக்க சப் என்றுதான் சொல்வேன். அத்தோடு இன்னொன்றையும் கேட்பேன். அவர் எழுந்து வர முடியாத நாளில் அவருக்குப் பதிலாகச் சுமக்க யாரை வைத்திருக்கிறீர்கள்? அதற்குப் பதில் வைத்திருக்கும் பயிற்றுவிப்பாளருக்குத்தான், யார் முதலில் இறங்க வேண்டும் என்று முடிவெடுக்கும் தகுதி உண்டு.