ஒரு கணினிக்குள் பல கணினிகள்

விண்டோஸ் இயங்கும் கணினியில், அதை அழிக்காமலும் வன்வட்டைப் பிரிக்காமலும் லினக்ஸையும் உடன் இயக்க முடிவது, ஒரு முழுக் கணினியை மென்பொருளாலேயே உருவாக்கித் தரும் மெய்நிகர் இயந்திரத்தால்தான். இது புதிய எண்ணமன்று. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இதைச் செய்து பார்த்து, 1972இல் விஎம்/370 என்ற பெயரில் தன் பெருங்கணினிகளுக்கு வழங்கியது.

இதிலுள்ள உண்மையான சிக்கல் அதிகாரம் பற்றியது. எந்த இயங்குதளமும் செயலி முழுவதும் தனக்கே உரியது என்று கருதி எழுதப்பட்டிருப்பதால், விருந்தினராக வரும் இரண்டாவது இயங்குதளத்தைக் குறைந்த அதிகாரத்தில் ஓடவிட்டு, அது வன்பொருளை நேரடியாக ஆளும் கட்டளை எதையேனும் இடும்போது இடைமறித்து, அதற்குரிய விளைவைத் தானே உருவாக்கித் தரும் மேற்பார்வை மென்பொருள் ஒன்று தேவைப்படுகிறது. அதுவே ஹைப்பர்வைசர் எனப்படுகிறது. மேசைக் கணினிகளில் பரவிய எக்ஸ்86 செயலிகளிலோ, சில கட்டளைகள் குறைந்த அதிகாரத்தில் இடப்பட்டால் பிழை எதையும் எழுப்பாமல் வேறு விளைவைத் தந்துவிட்டதால், இடைமறிக்கும் வாய்ப்பே இல்லாமற்போனது. அத்தகைய கட்டளைகளை ஓட்டத்தின்போதே கண்டறிந்து மாற்றியெழுதி, 1999இல் விஎம்வேர் நிறுவனம் இத்தடையைக் கடந்தது, கணினிப் பொறியியலின் மிக நேர்த்தியான சாதனைகளுள் ஒன்று. 2005இல் இன்டெலும் அடுத்த ஆண்டில் ஏஎம்டியும் செயலியிலேயே இதற்கான வசதியைச் சேர்த்தன.

விருந்தினர் இயங்குதளத்தின் வன்வட்டு பெரும்பாலும் ஒரு பெரிய கோப்பாகவே சேமிக்கப்படுவதால், அதைப் படியெடுத்து வேறு கணினிக்குக் கொண்டு செல்லலாம். புதிய மென்பொருளைச் சோதித்துவிட்டு, முன்பு பதிந்துவைத்த நிலைக்கே திரும்பலாம். நினைவகத்தை மட்டும் பகிர்ந்தே ஆகவேண்டும்: 8 ஜிபி உள்ள கணினியில் 4 ஜிபியை விருந்தினருக்கு ஒதுக்கினால், மூல இயங்குதளம் மீதியில்தான் இயங்க வேண்டும் என்பதால், பழைய மடிக்கணினிகளுக்குக் குறைந்த நினைவகம் கேட்கும் லினக்ஸ் வகையே தக்கது.