கைவேலையைக் கொடுக்கலாம், கையெழுத்தைக் கொடுக்கலாமா?

ஹைதராபாத், செகந்திராபாத் இரட்டை நகரங்களில் நம்மவர்கள் நடத்தும் சிறு தொழில்கள் பல. காப்பிப் பொடி, அப்பளம், இட்லி மாவு, மெஸ், தையல், வீட்டிலிருந்தபடியே புடவை வியாபாரம் என்று பட்டியல் நீளும். பெரும்பாலும் ஒருவரோ, கணவனும் மனைவியுமோ நடத்துபவை. விடியற்காலையில் மாவு அரைப்பவரே பகலில் கடையில் நிற்க வேண்டும். இரவில் கணக்கும் எழுத வேண்டும். எல்லாவற்றையும் தாமே இழுத்துப் போட்டுக்கொண்டால் கடைசியில் கெடுவது மாவின் பதம்தான்.

அந்தக் காலத்தில் மாலையில் சிறிது நேரம் வந்து பேரேடு எழுதிவிட்டுப் போகும் கணக்குப்பிள்ளைகள் உண்டு. ஒரே ஆள் நாலு கடைக்கு எழுதுவார். முழுச் சம்பளம் கொடுக்க இயலாத வியாபாரிக்கு அது நல்ல ஏற்பாடு. இன்றைய பகுதி நேரக் கணக்கர், வரி ஆலோசகர், லேபிள் வரைந்து தரும் ஓவியர் எல்லோரும் அந்த வழியில் வந்தவர்களே.

எந்த வேலையை வெளியே கொடுப்பது? வாடிக்கையாளர் எதற்காக நம்மைத் தேடி வருகிறாரோ அதைக் கொடுக்கக் கூடாது. பக்குவம், விலை, வாடிக்கையாளரிடம் பேசுவது ஆகியவை நம் கையிலேயே இருக்கட்டும். எப்போதாவது வருவதும், தனிப் பயிற்சி தேவைப்படுவதுமான வேலைகளைக் கொடுக்கலாம்.

கட்டுபடியாகுமா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. உதாரணமாக, கணக்கு எழுத மாதம் 8 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தைத் தொழிலில் செலவிட்டால் மணிக்கு 250 ரூபாய் நிற்கும் என்றால், 2,000 ரூபாய் ஆயிற்று. வெளியாள் 1,500 கேட்டால் கொடுப்பது லாபம். 3,000 கேட்டால் யோசிக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. 2019 ஏப்ரலில் சரக்கு விற்போர் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை வரம்பைப் பல மாநிலங்கள் 40 லட்சமாக உயர்த்தின. தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. தெலங்கானாவோ 20 லட்சத்திலேயே நின்றது. ஆகவே சென்னை உறவினர் சொல்வதைக் கேட்டு இங்கே வாளாவிருந்துவிடக் கூடாது. உள்ளூர் நடைமுறை தெரிந்தவரின் உதவி தேவைப்படுவது இதனால்தான்.

பதிவு செய்தவர் மாதக் கணக்கு தருபவரானால், விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும், வரிக் கணக்கை 20-ஆம் தேதிக்குள்ளும் கொடுக்க வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் உண்டு. கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் உண்டு. தொடர்ந்து ஆறு மாதம் கணக்கு தராவிட்டால் பதிவையே ரத்து செய்ய அதிகாரிக்கு இடமிருக்கிறது.

இந்த வேலைக்கென்றே ஜி.எஸ்.டி. பயிற்சியாளர் என்ற பிரிவினரைச் சட்டம் அங்கீகரிக்கிறது. ஆனால் அதே 48-ஆவது பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. அவர் தாக்கல் செய்யும் விவரங்கள் சரியாக இருப்பதற்கான பொறுப்பு, பதிவு செய்த வியாபாரியையே சேரும். "ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்றிருந்தேன்" என்ற பதில் அங்கே செல்லாது.

ஆகவே வேலையைக் கொடுக்கும்போதே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நல்லது.

முதலாவது, பதிவில் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கட்டும். வசதிக்காக உதவியாளரின் எண்ணைக் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. அப்போது துறையிலிருந்து வரும் தகவல் அவருக்குத்தான் போகும். அவர் ஊர் மாறிப் போனால், வந்த நோட்டீசே உங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது, கடவுச்சொல்லைத் தர வேண்டியதில்லை. பதிவு பெற்ற பயிற்சியாளரை ஜி.எஸ்.டி. இணையதளத்திலேயே நியமிக்கலாம், நீக்கவும் செய்யலாம். ஓ.டி.பி. கேட்டால், எதற்கென்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு முறையும் தாக்கல் செய்ததற்கான ஒப்புகை எண்ணையும் நகலையும் கேட்டு வாங்கி ஒரு கோப்பில் வையுங்கள்.

நான்காவது, என்ன வேலை, எந்தத் தேதிக்குள், எவ்வளவு கூலி என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். லேபிள் வரைபவரிடம் இது இன்னும் அவசியம். பதிப்புரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்ற முடியும். கால அளவு குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டுக்கு மட்டுமே தந்ததாக 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கொள்ளும். உங்கள் அப்பளக் கட்டின் மேலுள்ள படம் உங்களுடையதாகவே இருக்க வேண்டுமானால், அதை எழுதி வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் ஆள் தேடவும் வேண்டாம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் இணையதளத்தில் நடக்கிறது; அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. ஆதார் எண்ணும் பான் எண்ணும் கையில் இருந்தால் வீட்டுப் பிள்ளைகளே செய்து தந்துவிடுவார்கள்.

திருவள்ளுவர் ஆளை ஆராய்ந்து தேர்வதற்குத் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமும், தேர்ந்தவரிடம் வேலையை ஒப்படைப்பதற்குத் 'தெரிந்து வினையாடல்' என்று அடுத்த அதிகாரமும் வைத்திருக்கிறார். அந்த வரிசையிலேயே நாமும் செல்வோம். முதலில் ஒரே ஒரு சிறு வேலையை ஒரு மாதத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். சொன்ன தேதிக்கு முடித்து, கேட்ட கேள்விக்கு விளக்கம் சொல்பவரானால் அடுத்ததையும் கொடுங்கள். மாதம் ஒரு முறை அரை மணி நேரம் உட்கார்ந்து அவர் செய்ததைப் படித்துப் பார்ப்பது மட்டும் உங்கள் வேலையாகவே இருக்கட்டும்.