தேக்காவின் தொழுவங்கள்

சிங்கப்பூர்த் தமிழர் 'தேக்கா' என்று வழங்கும் லிட்டில் இந்தியாவின் தெருப்பெயர்களைக் கூர்ந்து நோக்கினால், அது ஒரு காலத்தில் மாட்டுச் சீமையாக இருந்தமை விளங்கும். பஃபலோ சாலை எருமையைக் குறிப்பது. மலாய் மொழியில் கெர்பாவ் என்பதும் எருமையே. 'கண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைத் தொழுவம். அப்பெயரைச் சுருக்கி இன்று தாங்கி நிற்பது மகளிர், குழந்தைகள் மருத்துவமனை!

ரொச்சோர் ஆறு அருகே ஓடியதால் புல்லும் நீரும் அங்கே குறைவின்றிக் கிடைத்தன. பெலிலியோஸ் என்னும் யூத வணிகர் மாட்டு வாணிகத்தில் பெயர் பெற்றார். மாட்டுக்காரர், பால்காரர் எனத் தமிழர் பலர் இத்தொழிலைச் சார்ந்து வாழ்ந்தனர்.

1989 ஜூலை 7-இல் இப்பகுதி பாதுகாப்புக்குரியதென அரசிதழில் அறிவிக்கப்பட்டது. கெர்பாவ் சாலையில் 1900-இல் எழுந்த டான் டெங் நியா வீடு அதற்கு முன்பே, எண்பதுகளில், புதுப்பிக்கப்பெற்றது. நல்ல காரியந்தான். ஆயினும் இச்சட்டம் காப்பது சுவரையும் கூரையையும்; உள்ளே நடந்த தொழிலை அன்று. தொழுவத்துக்கு முகப்பழகு ஏது, காப்பதற்கு?

இன்று பொங்கலையொட்டிப் பண்ணையிலிருந்து மாடுகளைக் கொணர்ந்து காட்டுகிறார்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கக் கூடுகின்றனர். கேம்பல் சந்தில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. பால் கறந்தோர் வழிவந்த முதியோரிடம், எந்தச் சந்தில் தொழுவம், யார் புல்லறுத்தார், எந்தப் படியால் பால் அளந்தார் என்று இப்போதே கேட்டெழுத வேண்டும்.