எண்ணெய், கை, வெந்நீர்

எண்ணெய்க் குளியலில் மூன்று வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன: உடம்பு முழுக்க எண்ணெய் தடவுவது, கையால் நிதானமாகத் தேய்த்து விடுவது, வெந்நீரில் சீயக்காய் போட்டுக் குளிப்பது. ஆண்களுக்குப் புதன், சனி; பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று தமிழ்நாட்டு வீடுகள் இதற்கு நாள் வகுத்திருந்தன. நான்கு நாளைக்கு ஒரு முறை என்பது தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதியின் கணக்கு. இன்று பல வீடுகளில் இந்தப் பழக்கம் தீபாவளி விடியற்காலையோடு நின்றுவிட்டது. ‘ஸ்பா’ என்று பலகை மாட்டிய குளிரூட்டிய அறைகளில் காசு கொடுத்து வாங்குவதும் ஏறத்தாழ இதே மூன்று வேலைகளைத்தான்.

உடம்புக்கு நல்லெண்ணெய்தான் வழக்கம். சிறு தீயில் காய்ச்சி, நாலைந்து மிளகும் ஒரு சிட்டிகை சீரகமும் போட்டு, அவை பொரிந்ததும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுவார்கள். மிளகை விட அந்தச் சூட்டுக்கே இங்கு வேலை அதிகம். இளஞ்சூட்டில் எண்ணெய் இளகி, கொஞ்சமே எடுத்தாலும் நன்றாகப் பரவும். தோலின் மேலடுக்கு ஓயாமல் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கிறது. எண்ணெய் அதன் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, அந்த இழப்பைத் தாமதப்படுத்துகிறது. வறண்ட காலும் வெடித்த குதிகாலும் மிருதுவாவது இதனால்தான். எலும்பு வரை எண்ணெய் இறங்கும் என்ற பேச்சு மிகை. பெரும்பகுதி தோலின் மேலடுக்குகளிலேயே நின்றுவிடும்.

தலைமுடிக்குத் தேங்காய் எண்ணெயின் கணக்கு வேறு. அதில் பாதியளவு லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது என்பதால் மயிரிழைக்குள் புக முடிகிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், கழுவும்போது முடி இழக்கும் புரதத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. தலைக்குத் தேங்காய் எண்ணெய், உடம்புக்கு நல்லெண்ணெய் என்று பிரித்துக்கொள்வது நியாயமான ஏற்பாடு.

தேய்ப்பது உச்சந்தலையில் தொடங்கும். ஒரு குழிக்கை எண்ணெயை உச்சியில் வைத்து விரல் நுனியால் அழுத்தி, காது மடல், பிடரி, தோள் என்று இறங்குவது முறை. கையிலும் காலிலும் நீளவாக்கில், மூட்டுகளில் வட்டமாக, வயிற்றில் வலஞ்சுழியாக, கடைசியில் உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்தி முடிப்பார்கள். இதில் வேகம் முக்கியம். முதுகு, முன்கை போன்ற இடங்களின் தோலில் மென்மையான வருடலுக்கென்றே நுண்ணிய நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் கை நகரும்போதுதான் அவை நன்றாகத் தூண்டப்படுகின்றன. மனத்துக்குக் கிடைக்கும் இதம் பெருமளவு அவற்றின் வழியாகவே வருகிறது. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று பரபரவெனப் பூசிக்கொண்டு ஓடினால் தோல் பளபளக்கும், தோள் இறுக்கம் அப்படியே இருக்கும். தேய்க்கப் பதினைந்து நிமிடம், ஊற இருபது நிமிடம் இல்லாத நாளில் எண்ணெயை எடுக்காமல் இருப்பதே மேல். முதுகுக்கு இன்னொருவர் கை வேண்டும். தனியாக இருப்பவர்கள் பழைய துண்டை எண்ணெயில் நனைத்து இரு முனையையும் பிடித்து இழுத்துச் சமாளிக்கலாம்.

கழுவும் கட்டத்தில்தான் பலர் பலனைக் கோட்டை விடுகிறார்கள். சாதாரண சோப்பு காரத்தன்மை கொண்டது. தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை கொண்டது. எண்ணெய் போகவேண்டும் என்று சோப்பை இரண்டு மூன்று முறை போட்டால் தோலின் சொந்த எண்ணெயும் சேர்ந்தே போய்விடும். சீயக்காயில் இருக்கும் சபோனின் குறைவாக நுரைக்கும், மெதுவாக வேலை செய்யும், மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவைக்கும். வடித்த கஞ்சியில் அதைக் குழைத்தால் முடியில் வழுக்கிக்கொண்டு பரவும், தூள் கண்ணில் தெறிப்பதும் குறையும். சில ஊர்களில் சீயக்காயின் இடத்தில் அரப்பு.

உடம்புக்கு நலங்கு மாவு. பயத்தம்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். காயவைத்து மில்லில் அரைத்தபின் துணியில் சலிக்கவேண்டும். நறநறவென்றிருக்கும் மாவு தோலைக் கீறிவிடும். அழுக்கையும் மிஞ்சிய எண்ணெயையும் இழுப்பது பெரும்பாலும் பயத்தமாவு. மற்றவை சேர்ப்பவை மணமும் நிறமும். இதைப் பூசினால் நிறம் வெளுக்கும் என்பது விளம்பரக்காரர் பேச்சு. எலுமிச்சைச் சாற்றை நேராகத் தேய்ப்பதையும் விடவேண்டும். அதன்மேல் வெயில் பட்டால் தோல் கொப்பளித்துக் கருக்கும்.

குளித்த அன்று பகலில் தூங்கக்கூடாது என்று பெரியவர்கள் தடுப்பதற்குக் காரணம், தூக்கம் அப்படி வரும் என்பதே. வெந்நீரில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. குளித்தபின் அவற்றின் வழியே உள்வெப்பம் வெளியேறி உடம்பு குளிர்கிறது. மூளை அதை உறங்கும் வேளைக்கான குறிப்பாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே, தூக்கம் வராமல் புரள்பவர்கள் படுக்கப் போவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, உடம்பு தாங்கும் வெந்நீரில் பத்து நிமிடம் குளிப்பது பலன் தரும். எண்ணெய்க் குளியல் நாளில் சாப்பாட்டுக்கு மிளகு ரசம், துவையல் போதும்; தயிர், குளிர்ந்த பண்டங்களை விலக்குவது மரபு.

காய்ச்சல், ஆறாத புண், ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும் இருக்கும்போது எண்ணெய் தேய்க்கக்கூடாது. அந்த வீக்கம் ரத்தக் கட்டியாக இருக்கலாம், அழுத்தினால் ஆபத்து. நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கு வெந்நீரின் சூடு தெரியாது. வீட்டில் வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்துக் கொடுக்கவேண்டும். கைக்குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழக்கம் அடியோடு ஒழியவேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. குளியலறையைப் பொறுத்தவரை, ஒருவர் குளித்து முடித்ததும் தரையில் சீயக்காய்த் தூளைத் தூவித் தேய்த்து அலம்பியபின்தான் அடுத்தவர், முக்கியமாக வயதானவர், உள்ளே போகவேண்டும்.