கடைக்காரரிடம் இருக்கும் பதில்கள்

மார்கழியில் வைகுண்ட ஏகாதசித் திருவிழா தொடங்கிவிட்டால் ஸ்ரீரங்கத்து வீதிகள் வெளியூர்க்காரர்களால் நிறைந்துவிடும். அப்போது சித்திரை வீதியிலோ உத்திர வீதியிலோ உள்ள ஒரு சிறு கடையின் அருகே பத்து நிமிடம் நின்று பாருங்கள். "பகல் பத்து, இராப் பத்து என்றால் என்ன?", "சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எங்கே பஸ் ஏறுவது?", "வயதானவர்களை எந்த வழியாக அழைத்துப் போகலாம்?" என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். கடைக்காரர் சலிக்காமல் பதில் சொல்வார். கேட்டவர்களில் சிலர் அங்கேயே காபி குடிப்பார்கள். சிலர் பூ வாங்குவார்கள்.

அந்தப் பதில்களை எழுதி, படமாக்கி, ஊருக்கு வரும் முன்பே மக்கள் கைபேசியில் படிக்கும்படி செய்தால் அதற்குப் பெயர் உள்ளடக்கச் சந்தைப்படுத்தல். விளம்பரம் "எங்களிடம் வாங்குங்கள்" என்று சொல்கிறது. உள்ளடக்கச் சந்தைப்படுத்தலோ, வாங்குபவருக்குத் தேவையான ஒன்றை முதலில் சொல்லித் தருகிறது. அதனால் பிறக்கும் நம்பிக்கையே பிறகு வியாபாரமாகிறது.

இந்த முறை இணையத்தோடு பிறந்ததன்று. பிரான்சில் மிச்செலின் என்ற டயர் நிறுவனம் 1900ஆம் ஆண்டிலேயே கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தது. வண்டியை எங்கே பழுது பார்க்கலாம், எங்கே தங்கலாம் என்ற விவரங்கள் அதில் இருந்தன. மக்கள் தயங்காமல் பயணம் செய்தால் டயர் தேயும், புதிய டயர் விற்கும் என்பது கணக்கு.

தமிழில் இதற்கு நெருக்கமான ஒரு தொழில்முனைவோரின் பாதை எஸ்.எஸ்.வாசனுடையது. திருத்துறைப்பூண்டியில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, தாயின் உழைப்பில் வளர்ந்தவர். வியாபாரிகளிடம் விளம்பரங்கள் பெற்று இதழ்களில் வெளியிட ஏற்பாடு செய்வது அவரது தொடக்ககாலத் தொழில். தபால் வழியாகப் பொருள்கள் விற்கும் தொழிலும் நடத்தினார். 1928இல், தடுமாறிக்கொண்டிருந்த ஆனந்த விகடன் இதழை விலைக்கு வாங்கினார். விளம்பரத் தொழிலிலிருந்து வந்த அவர், இதழின் பக்கங்களை விளம்பரங்களால் மட்டும் நிரப்பிவிடவில்லை. வாசகர் விரும்பிப் படிக்கும் நகைச்சுவை, கதை, கேலிச்சித்திரம் ஆகியவற்றுக்கு இடம் கொடுத்தார். திருச்சியில் பள்ளியில் படிக்கும்போது ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்ட கல்கி, பின்னாளில் அந்த இதழின் ஆசிரியரானார். வாசகர்கள் பெருகியபோது, அங்கே விளம்பரம் செய்த வியாபாரிகளுக்கும் அது பயன்பட்டது. முதலில் வாசகர், பிறகு விற்பனை என்ற இந்த வரிசை இன்றும் மாறவில்லை.

இன்று மாறியிருப்பது செலவுதான். ஒரு சிறு வியாபாரி தன் செய்தியைச் சொல்ல இதழ் நடத்த வேண்டியதில்லை. ஒரு கைபேசி போதும். ஆனால் விடியற்காலையில் அடுப்பு மூட்டி இரவு கணக்கு முடிப்பவருக்கு எழுத நேரமில்லை. தனக்குத் தெரிந்தது பிறருக்குப் புதியது என்ற எண்ணமும் அவருக்கு வருவதில்லை. அவரிடம் பேசி, கேட்டு, எழுதித் தருபவர் ஒருவர் தேவைப்படுகிறார். சிறு தொழில்களுக்கு உதவும் இந்தப் புதிய வேலை அங்கேதான் தொடங்குகிறது.

மணப்பாறை முறுக்கை எடுத்துக்கொள்வோம். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. "சுவையான முறுக்கு, வாங்குங்கள்" என்று எழுதினால் யாரும் நின்று படிக்கமாட்டார்கள். அந்த ஊர்த் தண்ணீரின் இலேசான உப்புத்தன்மை சுவைக்கு எப்படிக் காரணமாகிறது, முறுக்கை ஏன் இரண்டு முறை எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று எழுதினால் படிப்பார்கள்; பிறருக்கும் சொல்வார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வேறெங்கோ சுட்ட முறுக்கை மணப்பாறை முறுக்கு என்று அழகாக எழுதி விற்றால் அது ஏமாற்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். சட்டத்தைவிடப் பெரிய இழப்பு, ஒருமுறை ஏமாந்தவர் திரும்பி வராமல் போவது. எழுதுபவருக்கும் அந்தப் பொறுப்பில் பங்கு உண்டு என்பதை மாணவர்கள் தொடக்கத்திலேயே உணர வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியலில் சந்தையிடுகையும் நுகர்வோர் பாதுகாப்பும் பாடங்களாக உள்ளன. வணிகவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் இணைந்து ஒரு சிறு செயல்பாட்டை நடத்தலாம்.

1. மாணவர்கள் குழுவாக, தமக்குத் தெரிந்த ஒரு சிறு கடையின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் பத்துக் கேள்விகளைக் குறித்து வரட்டும்.

2. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடைக்காரர் சொன்ன பதிலை நூறு சொற்களில் எளிய தமிழில் எழுதட்டும். "மிகச் சிறந்த", "ஈடு இணையற்ற" போன்ற சொற்களுக்கு இடமில்லை.

3. எழுதியதைக் கடைக்காரரிடம் வாசித்துக் காட்டி, பிழையிருந்தால் திருத்தட்டும்.

4. வகுப்பில் மற்றொரு குழு அதைப் படித்து, "இதனால் எனக்கு என்ன தெரிந்தது?" என்று ஒரே வரியில் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் மீண்டும் எழுத வேண்டும்.

தனிப்பட்ட தொலைபேசி எண்களையும் மாணவர்களின் படங்களையும் பொதுவெளியில் பகிராமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

நம் வகுப்புகளில் பலருடைய பெற்றோர் தள்ளுவண்டியோ பெட்டிக்கடையோ வைத்திருப்பவர்கள். "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டால் அந்தப் பிள்ளைகளில் சிலர் தாழ்ந்த குரலில்தான் பதில் சொல்கிறார்கள். எந்தப் பூ எத்தனை மணி நேரம் வாடாமல் இருக்கும், எந்த மாதத்தில் எந்த அரிசி இட்லிக்கு ஏற்றது என்பதெல்லாம் அந்த வீட்டில் சேர்ந்திருக்கும் அறிவு. அதை எழுதும் மாணவர் ஒரு தொழிலைக் கற்கிறார். அடுத்த முறை அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் குரல் சற்று உயர்ந்திருந்தால், இந்தச் செயல்பாட்டின் பயன் அதுவே.