அறுவை அரங்கில் ரப்பர் ஒவ்வாமை

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மரங்களிலிருந்து வடியும் ரப்பர் பால், கையுறையாகவும் குழாயாகவும் உருமாறி அறுவை அரங்கை அடைகிறது. நோயாளியையும் மருத்துவரையும் தொற்றிலிருந்து காக்கும் இப்பொருளே மிகச் சிலரின் உயிருக்கு ஆபத்தாகவும் முடியக்கூடும். ரப்பர் பாலிலுள்ள புரதங்களை அவர்களது உடல் பகையாகக் கருதுவதே இதற்குக் காரணம்.

எய்ட்ஸ் நோய் பரவிய 1980-களில் கையுறைப் பயன்பாடு பெருகியது, ஒவ்வாமையும் பெருகியது. 1991-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதுபற்றி மருத்துவர்களை எச்சரித்தது. கையுறையில் தூவப்படும் மாவு இப்புரதங்களைக் காற்றில் பரப்புவதால், மாவிட்ட கையுறைகளை 2017-இல் அந்நாடு தடை செய்தது.

பிறவியிலேயே முதுகெலும்பு பிளவுற்றுப் பன்முறை அறுவைக்கு உள்ளாகும் குழந்தைகள், மருத்துவப் பணியாளர்கள், ரப்பர் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இவ்வாபத்து மிகுதி.

மும்பையின் கோவண்டியை எடுத்துக்கொள்வோம். உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் இப்பகுதியில் மாநகராட்சியின் சதாப்தி மருத்துவமனை உள்ளது. மேல்சிகிச்சை தேவைப்படுவோர் சயன் மருத்துவமனை போன்ற பெரிய நிலையங்களுக்குச் செல்ல நேரிடும். இந்தி, உருது, மராத்தி, தமிழ் எனப் பல மொழியினர் வாழும் இத்தகைய இடத்தில், “ஒவ்வாமை உண்டா?” என்ற பொதுவான வினாவுக்கு “இல்லை” என்ற விடையே கிடைக்கக்கூடும். “பலூன் ஊதியபோது உதடு வீங்கியதா? கையுறை அணிந்தால் அரிக்கிறதா? வாழைப்பழம் தின்றால் வாய் அரிக்கிறதா?” என்று நோயாளியின் மொழியிலேயே கேட்டல் வேண்டும்.

ஐயம் எழுந்தால், அவசரமற்ற அறுவையைக் காலையில் முதலாவதாக வைத்துக்கொள்வது நன்று. அப்போது அரங்கின் காற்றில் ரப்பர் துகள்கள் குறைவாக இருக்கும். செயற்கைப் பொருளாலான கையுறைகளும் சிலிக்கோன் குழாய்களும் பயன்பட வேண்டும். சுவாசப்பை, முகமூடி, கட்டுப்பட்டை ஆகியவற்றையும் சரிபார்த்தல் அவசியம். முன்னதாக மருந்து கொடுப்பது ரப்பரைத் தவிர்ப்பதற்கு ஈடாகாது.

நரம்புவழி மருந்தினால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களில் தோன்றும். ரப்பரால் வருவதோ, கையுறை உள்ளுறுப்புகளைத் தொட்டபின், பலவேளை அரைமணி நேரம் கழித்தே தலைகாட்டும். போர்த்திய துணிக்கடியில் தடிப்பு தெரியாது; இரத்த அழுத்தம் சரிவதும் மூச்சுக்குழல் இறுகுவதுமே முதல் அறிகுறிகளாகலாம். உடனே ரப்பர் பொருள்களை அகற்றி, கையுறைகளை மாற்றி, பிராணவாயுவும் அட்ரினலினும் நரம்புவழித் திரவமும் அளித்தல் வேண்டும். இவற்றுள் அட்ரினலினே தலையாய மருந்து, அதைத் தாமதிக்கலாகாது.

பிழைத்தவர் வீடு திரும்பும்போது, காரணம் எழுதிய சீட்டு ஒன்று அவர் கையில் இருத்தல் வேண்டும். இன்றேல் அடுத்த மருத்துவமனையில் அதே ஆபத்து மீண்டும் காத்திருக்கும். கொள்முதல் அதிகாரிகள் ரப்பரற்ற பொருள்கள் அடங்கிய ஒரு பெட்டியை ஒவ்வோர் அரங்கிலும் இருக்கச் செய்யலாம். ஒரு வினா, ஒரு பெட்டி, ஒரு சீட்டு: எளிய மருத்துவமனைக்கும் எட்டக்கூடிய பாதுகாப்பு இது.