கரிசல் சீமை காணாத கைத்துப்பாக்கி

கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாறும், கிழக்கே எட்டயபுரமும், அதற்கும் அப்பால் பாஞ்சாலங்குறிச்சியுமாகப் பரந்து கிடக்கும் கரிசல் சீமையில், சரித்திரம் மறவாத துப்பாக்கிச் சத்தம் இரண்டு காலங்களில் கேட்டிருக்கிறது. 1799-லும் 1801-லும் கும்பெனிப் பட்டாளத்துக்கும் பாளையக்காரர்களுக்கும் நடந்த யுத்தங்களில் கேட்டது ஒன்று; 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில், திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையிலிருந்து எழுந்தது மற்றொன்று. முன்னதில் பாளையத்து வீரர்கள் பெரும்பாலும் ஏந்தியவை திரியால் பற்றவைக்கும் துப்பாக்கிகளும் நெடிய ஈட்டிகளும். பின்னதில் வாஞ்சி ஏந்தியது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நூற்றுப் பத்தாண்டுகளுக்குள் மேல்நாடுகளில் பிறந்து, வளர்ந்து, வழக்கொழிந்தும் போய், இன்று பழம்பொருள் சேகரிப்போர் தேடி அலையும் அபூர்வ வஸ்துவாகிவிட்ட ஓர் ஆயுதம் உண்டு. கேப்பு வைத்துச் சுடும் இராணுவ ரிவால்வர்தான் அது. அதன் ஆயுட்காலம் முழுவதிலும் அது இந்தச் சீமையின் குடிகள் கைக்கு எட்டாமலே போனதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லுமுன் ஆயுதத்தை அறிந்துகொள்வது நலம்.

திரித் துப்பாக்கியிலும், அதன் பின் வந்த சக்கிமுக்கித் துப்பாக்கியிலும், நெருப்பு என்பது வெளியே நின்று உள்ளே செல்ல வேண்டிய பொருள். குழலின் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் மருந்தைக் கொட்டி, அதில் திரியையோ பொறியையோ படச் செய்து, அங்கே மூண்ட தீ ஒரு துவாரத்தின் வழியே குழலுக்குள் புகுவதற்குக் காத்திருக்க வேண்டும். காற்று வீசினாலும், மழை தூறினாலும், முயற்சி வீணாகிவிடும். 1799-க்கும் 1801-க்கும் நடுவே, பாஞ்சாலங்குறிச்சியின் முதல் யுத்தம் முடிந்து இரண்டாவது யுத்தம் தொடங்காதிருந்த 1800-ஆம் ஆண்டில், எட்வர்டு ஹோவர்டு என்ற ஆங்கிலேய ரசாயன சாஸ்திரி, அடித்த மாத்திரத்தில் வெடிக்கும் பாதரச ஃபல்மினேட் என்ற பொருளைப் பற்றி எழுதி வெளியிட்டார். ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற பாதிரியார், வேட்டையின்போது கிண்ணத்து மருந்தின் மின்னலைக் கண்டு பறவைகள் பறந்துவிடுவதைச் சகிக்க மாட்டாதவராய், இத்தகைய வெடிபொருளையே துப்பாக்கிக்குத் தீ மூட்டப் பயன்படுத்தும் முறையைக் கண்டு, 1807-இல் காப்புரிமை பெற்றார். பிறகு அந்த வெடிபொருளைச் சிறிய செம்புத் தொப்பிக்குள் ஒட்டவைத்துக் கேப்பு செய்தார்கள். தீபாவளிக்குச் சிறுவர்கள் கல்லின்மேல் வைத்துத் தட்டும் பொட்டுவெடியை நினைத்துக்கொண்டால் கேப்பின் தத்துவம் முழுவதும் விளங்கிவிடும்.

அமெரிக்கரான சாமுவேல் கோல்ட், இந்தக் கேப்பைச் சுழலும் உருளையோடு இணைத்து, 1836-இல் தம் தேசத்தில் உரிமை பெற்றார். 1851-இல் லண்டனில் நடந்த மகா கண்காட்சியில் அவருடைய ரிவால்வரோடு ராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயரின் ரிவால்வரும் வைக்கப்பட்டிருந்தது. கோல்ட்டின் ஆயுதத்தில் ஒவ்வொரு தடவையும் குதிரை எனப்படும் சிறு சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். ஆடம்ஸின் ஆயுதத்திலோ விசையை அழுத்தினாலே உருளை சுழன்று, குதிரை எழுந்து, விழுந்து, குண்டு புறப்பட்டுவிடும். இவ்விரு வசதிகளையும் ஒருசேரத் தரும் திருத்தத்தை பியூமாண்ட் என்ற பொறியியல் படை அதிகாரி செய்துகொடுக்க, 1856-இல் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. இதுவே சேகரிப்போர் பெரிதும் மதிக்கும் பியூமாண்ட்–ஆடம்ஸ் ரிவால்வர்.

அதைக் கையிலெடுத்துப் பார்ப்பவர் முதலில் காண்பது எட்டுப் பட்டையான குழல். அந்தக் குழலும் உடற்சட்டமும் ஒரே இரும்பிலிருந்து அடித்து உருவாக்கப்பட்டவை. உருளையில் ஐந்து அறைகள். ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தையும் ஈயக்குண்டையும் இட்டு, குழலின் ஓரத்தில் பொருத்திய நெம்புகோலால் அழுத்தி, பின்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முளைமேல் கேப்பைச் செருக வேண்டும். ஐந்து குண்டுகள் தீர்ந்தபின் இத்தனையும் மறுபடி செய்தாக வேண்டும். போர்க்களத்தில் அதற்கு நேரம் ஏது? தோட்டாவைப் பின்பக்கமாகச் செருகும் முறை வந்தவுடன், 1860-களின் இறுதியில், ராணுவத்திடமிருந்த இவ்வகை ரிவால்வர்கள் பலவற்றைப் புதிய முறைக்கு மாற்றி அமைத்துவிட்டார்கள். மாற்றப்படாமல் தப்பியதும், அரசாங்கச் சொத்து என்பதற்கு அடையாளமான அம்பு முத்திரை தாங்கியதும், சட்டத்தில் உள்ள எண்ணும் உருளையில் உள்ள எண்ணும் ஒத்ததுமாகிய ஒன்று கிடைப்பது அரிதாயிருப்பது இதனால்தான். முத்திரையைப் புதிதாகக் குத்தி விற்கும் மோசடிக்காரரும் உண்டாகையால், அறிந்தவர்கள் முத்திரையின் விளிம்பு சுற்றியுள்ள இரும்பைப் போலவே தேய்ந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள்.

இனி நம் சீமைக்கு வருவோம். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரனான கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அவன் தம்பி ஊமைத்துரை எழுப்பிய இரண்டாவது யுத்தமும் 1801-இல் முடிவுற்று, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமானது. அவ்வாண்டு டிசம்பர் முதல் தேதி, சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், பாளையங்களில் ஆயுதம் தாங்குவதையே தடை செய்தது. ஃபோர்சைத் பாதிரியார் உரிமை பெறுவதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே இச்சீமையின் குடிகள் நிராயுதபாணிகளாக்கப்பட்டுவிட்டார்கள்! பின்னர் வந்த 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஐரோப்பியருக்கு விலக்களித்து, இந்தியர் அனுமதிச் சீட்டின்றி ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கிற்று. கேப்பு ரிவால்வர் வெள்ளை அதிகாரிகளின் இடுப்பு உறையில் இந்த வழியே போய்வந்திருக்கும். கரிசல் உழுதவனுக்கு அது அந்நியமாகவே இருந்தது. ஒரு தேசத்தாரை அடக்கி ஆள நினைப்பவர்கள், அவர்கள் கையிலிருந்த ஆயுதத்தைப் பறித்ததோடு அமையாமல், அதன்பின் பிறந்த ஆயுதத்தையும் அவர்கள் கைக்கு வராதபடி தடுத்தார்கள் என்பதற்கு இந்த இடைவெளியே போதிய சாட்சி.

கேப்புக்குள் ஃபல்மினேட்டோடு கலந்த மற்றொரு முக்கியச் சரக்கு பொட்டாசியம் குளோரேட். ஆயுதம் எட்டாத இச்சீமைக்கு அதே சரக்கு பிற்காலத்தில் தீக்குச்சி மருந்தாக வேறு வேடத்தில் வந்து சேர்ந்தது. கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் தொழிலைத் தொடங்க, அது சாத்தூர், கோவில்பட்டி எங்கும் பரவியது. மழை குறைந்த, வெயில் மிகுந்த, விவசாயம் கைகொடாத பூமியில், குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த மருந்தைக் கொண்டே கஞ்சி குடித்தன.

பழைய ஆயுதங்களைக் காண விரும்புவோர் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதப் பகுதிக்குப் போகலாம். வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி எதுவும் அகப்பட்டால், உள்ளே மருந்து கெட்டித்துக் கிடக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்து, குதிரையை இழுத்துப் பார்க்காமல், காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். சுடத் தகுதியற்றுப்போன பழம்பொருள் ஆயுதத்துக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அது அத்தகையதுதானா என்று தீர்மானிப்பது நம் வேலையன்று. நூறு வயது கடந்த பழம்பொருளை வெளிநாட்டுக்கு விற்றனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ பாளையக்காரர் காலத்துக் குழலோ ஈட்டிமுனையோ கிடைத்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமலும், பழைய இரும்புக்கு எடைபோடாமலும், கிடைத்த இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு தாசில்தாரிடம் ஒப்படையுங்கள். கரிசலில் புதைந்த இரும்பு வெகுநாள் தாங்காது. எஞ்சியிருப்பதையாவது நம் பிள்ளைகள் பார்க்கட்டும்.